காற்றாடிமலையில் ஒரு காலைப்பொழுது

ஈழத்திலிருந்து தென்னிந்திய யாத்திரை செல்லும் சைவமக்கள் பெரும்பாலும் ஒரே வழியைப் பின்பற்றுவர். சிதம்பரத்திலே கூத்தப்பிரானைத் தரிசித்து, மதுரையிலே மீனாட்சியம்மையை வணங்கி, திருநெல்வேலியில் நெல்லையப்பரைக் கண்டு, சுசீந்திரத்தில் தாணுமாலயனைத் தொழுது, ஈற்றில் குமரிமுனையில் நீராடித் திரும்புவர். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ஆரல்வாய்மொழி என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் இறங்குவோர் எம்மவரில் மிகச் சிலரே. யாமும் முன்பு இருமுறை அவ்வழியாகப் போயிருந்தும் ஒருமுறையேனும் இறங்கியதில்லை. சென்ற ஆவணி விடுமுறையில் இறங்கியதும் எம் விருப்பத்தினால் அன்று. பிறர் இட்ட பணியினால்.

யாம் கற்பிப்பது ஓர் இந்துக் கல்லூரியில். எம்முடன் கணிதங் கற்பிக்கும் நண்பர் ஒருவர் மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கர். யாம் குடும்பத்துடன் கன்னியாகுமரி செல்கின்றோம் எனக் கேள்வியுற்று, ஆசிரியர் அறையில் எம்மிடம் வந்து ஒரு மெழுகுதிரியைத் தந்தார்.

"மாஸ்டர், ஆரல்வாய்மொழியிலை காற்றாடிமலை எண்டொரு இடம் இருக்குது. தேவசகாயத்தைச் சுட்ட இடம். அங்கை இதைக் கொளுத்திவிடுங்கோ. எங்கட ஊரிலையும் அறுநூறு பேர் வேதசாட்சியாய்ச் செத்தவை. அவையின்ரை பேர்கூட ஒருத்தருக்கும் தெரியாது. இவருக்காவது பேர் இருக்குது. அவைக்காகவும் சேர்த்துக் கொளுத்துங்கோ" என்றார்.

வரலாற்றாசிரியராகிய எமக்கு அச்சொல் சற்றே உறைத்தது. அந்த அறுநூறு பேரைப் பற்றி யாம் அறியாதவரல்லேம். ஆயினும் இருபது ஆண்டுக் காலத்தில் வகுப்பறையிலே அவர்களைப் பற்றி யாம் பேசியது ஒரேயொரு வாக்கியம். அதனையும் விரைந்து கூறிக் கடந்துவிடுவது எம் வழக்கம். மெழுகுதிரியைக் கடதாசியிற் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டோம்.

வடக்கன்குளம்

நெல்லையப்பரைத் தரிசித்த மறுநாள் விடியற்காலையில், வாடகை மோட்டார் வண்டியொன்றை அமர்த்திக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். நாங்குநேரியும் வள்ளியூரும் கடந்தபின், வண்டியோட்டி எம் பயணத்தின் நோக்கத்தை அறிந்து, "அப்படியென்றால் முதலில் வடக்கன்குளம் போக வேண்டும், சார். ஞானஸ்நானம் பெற்ற இடத்தைப் பார்க்காமல் உயிர்விட்ட இடத்தைப் பார்ப்பது முறையல்ல" என்றார். முறை தெரிந்தவர் சொல்லும்போது மறுப்பதற்கில்லை.

அங்கே செல்லுமுன் இக்கதையின் தலைவரை வாசகர்க்கு அறிமுகஞ் செய்தல் வேண்டும். அவர் பிறந்தபோது பெற்ற பெயர் நீலகண்டன். 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆந் திகதி, இன்றைய குமரி மாவட்டத்திலுள்ள நட்டாலம் என்ற ஊரிற் பிறந்தார். தந்தையார் வாசுதேவன் நம்பூதிரி, தாயார் தேவகி. குலத்திலும் கல்வியிலும் குறைவில்லாத இல்லம். வளர்ந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரண்மனையிலே அலுவல் பெற்றார். அந்நாளில் தலைநகரம் பத்மநாபபுரம். அங்குள்ள நீலகண்டசுவாமி கோயிலோடும் அவருடைய பணி தொடர்புபட்டிருந்தது. மனைவியின் பெயர் பார்கவி. இவ்வளவோடு நின்றிருந்தால் நாட்டில் நூற்றுக்கணக்கில் இருந்த அரண்மனை உத்தியோகத்தருள் ஒருவராக வாழ்ந்து மறைந்திருப்பார்.

அவருடைய வாழ்வு திரும்பியதற்கு எமது இலங்கைத் தீவும் ஒருவகையிற் காரணமாயிற்று. மிளகு வாணிபத்திலே மார்த்தாண்டவர்மர் தம் விருப்பத்துக்கு இணங்காமையால் சினமுற்ற ஒல்லாந்தர், இலங்கையிலிருந்து படையனுப்பிக் குளச்சற் கரையில் இறக்கினர். 1741ஆம் ஆண்டில் அப்படை திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றுச் சரணடைந்தது. ஆசிய மன்னர் ஒருவர் ஐரோப்பியக் கம்பனிப் படையை முறியடித்த அப்போர், தென்னாட்டு வரலாற்றில் பெருமையோடு பேசப்படுவது. சிறைப்பட்ட தளபதிகளுள் டிலனாய் என்பவர் ஒருவர். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், அவரைக் கொல்லாது தம் படையைப் பயிற்றும் பொறுப்பினை அளித்தார். பகைவனையும் பயன்கொள்ளத் தெரிந்த அரசர் அவர்.

அந்த டிலனாயும் நீலகண்டனும் நண்பராயினர். அக்காலத்தில் நீலகண்டன் குடும்பத்திற்கு இடர் மேல் இடர். கால்நடைகள் மாண்டன, விளைவு பொய்த்தது. மனமுடைந்த நண்பருக்கு டிலனாய், விவிலியத்திலுள்ள யோபுவின் கதையைக் கூறினார். செல்வம், மக்கள், உடல்நலம் யாவற்றையும் இழந்தும் இறைவனைப் பழியாத ஒருவரின் கதை அது. அரிச்சந்திரன் கதையைக் கேட்டு வளர்ந்த செவிக்கு அது அந்நியமாகத் தோன்றியிராது என்பது எம் எண்ணம். அதுவே தொடக்கம்.

திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் இருந்த வடக்கன்குளத்திலே, தமிழ்மக்கள் பரஞ்சோதிநாதர் என அழைத்த புத்தாரி என்னும் இத்தாலியக் குரு பணியாற்றிவந்தார். அவரிடம் 1745ஆம் ஆண்டு மே 14ஆந் திகதி நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். இலாசரு என்ற பெயருக்கு 'இறைவன் துணை' என்பது பொருள். அப்பொருளையே தமிழாக்கித் தேவசகாயம் எனப் பெயர் கொண்டார். மனைவி பார்கவியும் பின்னர் ஞானப்பூ ஆனார்; கணவர் மறைந்தபின் இவ்வூரிலேயே வாழ்ந்து முடித்தார்.

வடக்கன்குளத் திருக்குடும்ப ஆலயம் பிற்காலத்திலே எழுந்த கட்டடம். அதன் அமைப்பு விநோதமானது. பீடத்திலிருந்து இரு தனித்தனி மண்டபங்கள் பிரிந்து செல்கின்றன. ஏன் இவ்வாறு கட்டினர் என வினவினோம். மேற்சாதியார் எனப்பட்டோர் ஒருபுறமும் மற்றையோர் மறுபுறமும் இருந்து, ஒருவரையொருவர் காணாமல் ஒரே திருப்பலியைக் காண்பதற்காகவாம்! இடையே தடுப்புச் சுவரும் இருந்தது. 1910ஆம் ஆண்டில் அங்கிருந்த குரு அச்சுவரை இடித்தார். அதன்பொருட்டு வழக்கும் நடந்தது. சாதிபேதமின்றி எல்லாரும் சமம் எனப் போதித்ததும், ஒதுக்கப்பட்டோருடன் கலந்து பழகியதும் தேவசகாயத்தின் மேல் அக்காலத்து மேலோர் கொண்ட சினத்துக்குக் காரணங்களாயின. அவர் புதுப்பிறவி எடுத்த ஊரிலேயே பின்னாளில் அத்தகைய சுவர் எழுந்தது என்றால், சமயத்தை மாற்றுவதிலும் மனத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது புலனாகும்.

காற்றும் மலையும்

வடக்கன்குளத்தை விட்டு ஆரல்வாய்மொழியை நெருங்க நெருங்கக் காற்று வண்டியைத் தள்ளத் தொடங்கியது. மேற்கு மலைத்தொடர் தெற்கே தேய்ந்து முடியும் இடத்தில் உள்ள கணவாய் இது. மேல்கடலிலிருந்து வரும் பருவக்காற்று இவ்விடைவெளியிற் புகுந்து, புனலிற் பாயும் நீர்போல் விரைகின்றது. முப்பந்தல் என்னுமிடத்திலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள். வெண்ணிறத் தூண்களின் உச்சியில் மூன்று மூன்று இதழ்களாக அவை சுழல்வதைக் கண்டு எம் இளைய மகள் எண்ணத் தொடங்கி, எண்பதை எட்டுமுன் கைவிட்டாள். இவ்வாலைகள் நேற்று வந்தவை. ஆனால் இங்குள்ள மலைக்குக் காற்றாடிமலை என முன்னோர் இட்ட பெயர் பழையது. அவர்கள் காரணமின்றிப் பெயர் வைப்பவரல்லர்.

இக்கணவாய் ஒருகாலத்தில் திருவிதாங்கூர் அரசின் வாயில். படைகளும் வணிகரும் இவ்வழியே வந்தனர். அரசன் தண்டித்தோரை நாட்டின் ஓரத்திற்குக் கொண்டுசென்று முடிக்கவும் இதுவே உகந்த இடமாயிருந்தது.

மலை உயர்ந்ததன்று. எமது நாட்டிலே சிவனொளிபாதமலை ஏறியோர்க்கு இது ஒரு திட்டி போன்றதே. அடிவாரத்திலே வியாகுல அன்னையின் ஆலயம். மேலே ஏறும் வழியெங்கும் கரும்பாறைகளும் முட்செடிகளும். அன்று பெருநாளன்று; ஆதலாற் கூட்டமில்லை. கையிற் குழந்தையுடன் ஓர் இளந்தம்பதியர், செபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர், எம்மைப்போல வேற்றூரார் சிலர், இவ்வளவே. தலையிலிருந்த முந்தானையைக் காற்றுப் பறிக்க, எம் இல்லாள் அதனை இருகையாலும் பற்றிக்கொண்டு ஏறினாள்.

1749ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆந் திகதி தேவசகாயம் சிறைப்படுத்தப்பட்டார். அரசுக்கு இரண்டகஞ் செய்தார் என்பது அவர்மேற் சுமத்தப்பட்ட குற்றம். சமயம் மாறியதே உண்மைக் காரணம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் முடிபு. அதனை ஒப்பாத வரலாற்றறிஞரும் உளர். ஆனால் அவருக்கு இழைக்கப்பட்ட தண்டனையின் தன்மையை நோக்குமிடத்து, வெறும் அரசியற் குற்றவாளிக்கு அவ்வளவு அவமதிப்புத் தேவையில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது. எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின்மேற் பின்புறம் நோக்க அமர்த்தி, ஊரூராகக் கொண்டுசென்றனர். நாள்தோறும் பிரம்படி. அடிபட்ட புண்களிலும் நாசியிலும் மிளகாய்த்தூள். தாகத்துக்குக் கிடைத்தது அழுக்குநீர். கொன்றுவிடுவது அரசனுக்கு எளிது. 'நான் மாறியது பிழை' என்று அவர் வாயாற் சொல்லவைப்பதே அவர்கள் வேண்டியது. மூன்றாண்டாகியும் அச்சொல் வரவில்லை.

அந்த மூன்றாண்டுக் கதை இம்மாவட்டத்து நிலத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது. புலியூர்க்குறிச்சியில் ஒரு பாறை. தாகத்தினால் வருந்தி முழங்கையால் இடிக்க நீர் சுரந்தது என்பது மரபு. முட்டிடிச்சான்பாறை என்பது அதன் பெயர். பெருவிளையில் ஒரு வேம்பு. அம்மரத்திலே பல மாதங்கள் அவரைப் பிணித்து வைத்திருந்தனர். அங்கும் நோயாளிகள் அவரைத் தேடிவந்தனர் என்றும், வேப்பிலையையே மருந்தாகக் கொடுத்தனுப்பினார் என்றும் கூறுவர். மக்கள் கூடுவது கண்டு அதிகாரிகள் அஞ்சினர். ஈற்றில் ஆரல்வாய்மொழிக்குக் கொணர்ந்தனர். அங்கும் கூட்டம் குறையவில்லை. 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதி, இம்மலைக்கு அழைத்துச் சென்று துவக்கினாற் சுட்டுக்கொன்றனர். வயது முப்பத்தொன்பது, எம்மிலும் இளையவர்.

சுடப்படுமுன் அவர் முழந்தாளிட்டுச் செபித்ததாகச் சொல்லப்படும் பாறையிலே, முழந்தாளும் முழங்கையும் பதிந்தாற் போன்ற தடங்களைக் காட்டுகின்றனர். சற்றப்பால் மணியடிச்சான்பாறை. சிறுகல்லால் தட்டினால் வெண்கல மணிபோல் ஒலிக்கின்றது. அவர் உயிர்நீத்தபோது ஒலித்த கல் அது என்பர். கல்லிலே இசை பிறப்பது எமக்குப் புதிதன்று. சுசீந்திரத்து இசைத்தூண்களை மறுநாளே தட்டிக்கேட்டோம். ஆயினும் அக்காற்றின் நடுவே அவ்வோசையைக் கேட்டபோது, காரணகாரியம் ஆராயும் எண்ணம் எழவில்லை.

மெழுகுதிரியும் மூதாட்டியும்

நண்பரின் மெழுகுதிரியை எடுத்தோம். தீப்பெட்டியிலிருந்த குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போயின. கையால் மறைத்தும் பயனில்லை. சேலைத்தலைப்பால் மறைத்தும் பயனில்லை. காற்றாடிமலை தன் பெயரை எமக்கு மெய்ப்பித்துக் காட்டியது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய மூதாட்டி ஒருத்தி படியருகே பூமாலை விற்றுக்கொண்டிருந்தாள். எம் தடுமாற்றத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்கயிருந்து வாறிய மக்கா?"

யாழ்ப்பாணம் என்றோம்.

"அக்கரையா! இங்க காத்து விடாது மக்கா. கோட்டாத்துல போயி வையுங்க. அங்கதான் அவரு கெடக்காரு."

திருநீற்றைக் கண்டபின் கேளாதிருக்க எம்மால் இயலவில்லை. "நீங்கள் வேதக்காரரா, அம்மா?" என்றோம்.

"நானா? நான் முத்தாரம்மனைக் கும்பிடுதவ. செவ்வாக்கெழம அங்க, வெள்ளிக்கெழம இங்க. கஷ்டப்பட்டுச் செத்தவருல்லா? அநியாயமாச் செத்தவங்கள யாருன்னாலும் கும்பிடணும்லா?"

நாஞ்சில் நாட்டின் சமயம் முழுவதையும் அவள் இரண்டு வாக்கியத்தில் அடக்கிவிட்டாள். இப்பகுதியில் இசக்கியம்மனும் மாடனும் குடிகொண்ட பீடங்கள் பலவற்றின் பின்னே, வஞ்சனையாற் கொல்லப்பட்ட ஒருவரின் கதை உண்டு. அநியாயமாகச் சிந்திய குருதி நிலத்தை விட்டு நீங்காது. அதனைத் தொழுதே ஆற்றவேண்டும் என்பது இங்குள்ள மக்களின் நம்பிக்கை. வில்லுப்பாட்டிலே அக்கதைகளை விடியவிடியப் பாடுவர். 270 ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த இவரையும் இம்மக்கள் அக்கண்ணாலேயே முதலில் கண்டிருப்பர். உரோமாபுரி அறிவிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

இறங்கும் வழியில், அதுவரை வாளாவிருந்த மகள் கேட்டாள்: "அப்பா, இவரைக் கொல்லச் சொன்ன ராசா நல்லவரோ, கூடாதவரோ?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வினாவுக்கு எம் பட்டப்படிப்பு உதவவில்லை. ஒல்லாந்தரை வென்ற மார்த்தாண்டவர்மரை எமக்கு எப்பொழுதும் பிடிக்கும். 1750ஆம் ஆண்டு ஜனவரியில் தம் வாளையும் நாட்டையும் ஸ்ரீபத்மநாபசுவாமியின் திருவடியில் வைத்து, இறைவனின் ஊழியனாகவே ஆள்வேன் என உறுதிபூண்டவர் அவர். ஆனால் அந்த ஜனவரியில் தேவசகாயம் சிறைப்பட்டு ஏறத்தாழ ஓராண்டாகியிருந்தது. இறைவனுக்கு நாட்டையே காணிக்கையாக்கிய கையால், இறைவனை வேறு பெயரால் அழைத்த ஒருவரை விடுவிக்க இயலவில்லை.

மகளுக்கு நேர்விடை கூறாது, "அப்பர் சுவாமிகளின் கதை சொல், பார்ப்போம்" என்றோம். சைவசமய பாடத்திலே கற்றதை அவள் ஒழுங்காகச் சொன்னாள். மருணீக்கியார் சமண சமயஞ் சார்ந்து தருமசேனர் ஆனதும், சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரிடம் வந்து சைவராகி நாவுக்கரசர் ஆனதும், அதுகேட்டுச் சமணச் சார்புடைய பல்லவ மன்னன் சினந்து நீற்றறையில் இட்டதும், நஞ்சூட்டியதும், யானையை ஏவியதும், கல்லிற் கட்டிக் கடலில் எறிந்ததும் யாவும் கூறினாள்.

"ஏன் அரசன் அவ்வளவுஞ் செய்தான்?"

"அவர் சமயம் மாறினதுக்காக" என்றாள். சொல்லியபின் சற்று நின்று மலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அதற்குமேல் எம்மை அவள் ஒன்றும் கேட்கவில்லை. நீற்றறைக் கதையிலே கண்கலங்கும் நாம், எருக்கம்பூ மாலைக் கதையிலே அரசனின் நியாயத்தைத் தேடுவோமாயின், நாம் அழுதது அப்பருக்காகவன்று. நம் பக்கத்துக்காகவே என்பதாகும்.

கோட்டாற்றில்

மலர்ச்சந்தைக்குப் பெயர்பெற்ற தோவாளையைக் கடந்து, நாகர்கோவில் நகரின் ஒரு பகுதியான கோட்டாற்றை அடைந்தோம். அங்குள்ள தூய சவேரியார் பேராலயம் இந்நாட்டுக் கத்தோலிக்கரின் தாய்க்கோயில். கார்த்திகையிலே சவேரியார் திருவிழா தொடங்கினால் சாதிசமய வேறுபாடின்றி ஊரே திரளும் என்பர். மலையிற் கிடந்த தேவசகாயத்தின் எலும்புகளை அன்பர் தேடியெடுத்து வந்து அடக்கஞ் செய்தது இவ்வாலயத்தினுள்ளேதான்.

அதன் பின்னர் நெடுங்காலம் அவருடைய புகழ் இப்பகுதி மக்களின் நாவிலேயே வாழ்ந்தது. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆந் திகதி நாகர்கோவிலில் நடந்த பெருவிழாவில் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி, உரோமாபுரியில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். குருவுமல்லர், துறவியுமல்லர், மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார். இந்தியப் பொதுநிலையினருள் இவ்வுயர்வு பெற்ற முதல்வர் இவரே. சவேரியார் திருநாட்போல ஜனவரி 14ஆந் திகதி இவருடைய திருநாள். எமது தைப்பொங்கலும் அதனையடுத்தே வருவதால், ஒரே காலைப்பொழுதில் இவ்வூரில் ஒரு வீட்டு முற்றத்திற் பொங்கற்பானையும் அடுத்த வீட்டில் மெழுகுதிரியும் ஒளிரும் போலும்.

புனிதர் பட்டத்துக்கு முன் அவருடைய பெயரின் ஈற்றிலே பிள்ளை என்ற குலப்பெயர் வழங்கிவந்தது. சாதி கடந்தவரின் பெயரிற் சாதி நிற்பது தகாது எனச் சிலர் உரோமாபுரிக்கு எழுதினர். ஈற்றில் அது நீக்கப்பட்டுத் தேவசகாயம் என்ற பெயரே நிலைத்தது. இச்செய்தியை அறிந்தபோது வடக்கன்குளத்துச் சுவரை நினைத்தோம். அதனை நினைத்த மாத்திரத்தில் எம் நாட்டுச் சுவர்களும் நினைவுக்கு வந்தன. 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்தில் ஆலயப்பிரவேசம் வேண்டி வந்தோர், சைவராகவே பிறந்து சைவராகவே நின்றும் வாயிலில் மறிக்கப்பட்டனர். ஆகவே, வடக்கன்குளத்தைப் பார்த்து நகைக்கும் உரிமை எமக்கில்லை.

கல்லறையின் முன் காற்றில்லை. முதற்குச்சியிலேயே திரி பற்றிக்கொண்டது. நண்பரின் அறுநூறு பேரையும் நினைந்து அதனை நிறுத்தினோம். அப்பொழுதுதான் அவர்கள் எவ்வளவு பொருத்தமான இடத்துக்கு வந்து சேர்ந்துள்ளனர் என்பது எமக்குப் புலப்பட்டது.

1544ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் சவேரியார் இக்கரையோரத்தில்தான் பணிபுரிந்துகொண்டிருந்தார். கடலுக்கு அப்பால் மன்னாரிலிருந்த மக்கள், தமக்கும் ஞானஸ்நானம் வேண்டுமென அவருக்குத் தூதனுப்பினர். தாம் செல்ல இயலாமையால் வேறொரு குருவை அவர் அனுப்பிவைத்தார். மன்னார் மக்கள் பலர் கிறித்தவராயினர். அப்பொழுது யாழ்ப்பாணத்தை ஆண்டவன் முதலாஞ் சங்கிலி. செய்தியறிந்து படையுடன் சென்று, சமயத்தை விடமறுத்தோரைக் கொல்லுவித்தான். மாண்டோர் அறுநூறுக்குக் குறையார் என்பது வழிவழி வருஞ் செய்தி. மன்னார்த் தீவிலே தோட்டவெளியில் அவர்களுடைய நினைவாக வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் நிற்கின்றது. எவருடைய தூதனைக் கண்டு அவர்கள் ஞானஸ்நானம் பெற்றனரோ, அவருடைய பெயராலமைந்த ஆலயத்திலேயே அவர்களுக்கான திரி எரிந்துகொண்டிருந்தது.

சங்கிலி போர்த்துக்கேயருக்கு அஞ்சினான். சமயம் மாறியோர் நாளை அரசு மாறுவர் என ஐயுற்றான். அந்த ஐயம் முற்றிலும் காரணமற்றதன்று என்பதை அடுத்த நூற்றாண்டு காட்டிற்று. இதனை யாம் எப்பொழுதும் வகுப்பிலே விரிவாக விளக்குவோம். ஆனால் அந்த அச்சத்துக்கு விலையாகத் தம் உயிரைக் கொடுத்தோர், மன்னார்க் கரையிலே வாழ்ந்த ஏழைத் தமிழர். அவர்களுடைய கையில் வாளுமில்லை, துவக்குமில்லை. அதனை மட்டும் யாம் விளக்குவதில்லை.

மாலையில்

சாயுங்காலம் தக்கலையை நோக்கிச் சென்று, புலியூர்க்குறிச்சிப் பாறையையும் அதன் அயலிலுள்ள உதயகிரிக் கோட்டையையும் கண்டோம். கோட்டையினுள்ளே, சிதைந்த சிறுகோவிலொன்றில் டிலனாயின் கல்லறை. 1777இல் அவர் இறக்கும்வரை திருவிதாங்கூருக்கே உழைத்தார். கல்லறைக்கல்லில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. நண்பனுக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் கால்நூற்றாண்டு பின்னும் வாழ்ந்து படைத்தலைவராகவே மறைந்தார். கேட்டவர் மலையிலே வீழ்ந்தார். அரசனுக்கு அந்நியனின் வேதம் இடராகவில்லை. தன் குடியின் வேதமே இடராயிற்று. அண்மையிலேயே பத்மநாபபுரம் அரண்மனை. தேக்கும் பலாவுமாக இழைத்த அதன் கூடங்கள் இன்றும் பளபளக்கின்றன. அத்தரையிலே நீலகண்டனும் நடந்திருப்பார் என எண்ணிக்கொண்டு வெளியேறினோம்.

குமரிமுனைக்குச் செல்லும் அன்பர்கள் நாகர்கோவிலிலே ஒருநாள் தங்கினால் இவ்விடங்கள் யாவற்றையும் காணலாம். ஆரல்வாய்மொழி நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர்; புகையிரதமும் பஸ் வண்டியும் உண்டு. ஆடி, ஆவணியிற் செல்வோர் மலையிலே விளக்கேற்ற முயல வேண்டாம்.

ஊர் திரும்பி, நண்பரிடம் நடந்தவற்றைக் கூறினோம். காற்று அணைத்ததையும், திருநீறு பூசிய மூதாட்டி வழிகாட்டியதையும் கேட்டு அவர் சிரித்தார். சவேரியாரின் பெயரைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. "அப்ப சரியான இடத்திலைதான் வைச்சிருக்கிறியள்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த தவணையில் முதலாஞ் சங்கிலியின் ஆட்சியைக் கற்பிக்கும் நாள் வந்தது. போர்த்துக்கேயரின் சூழ்ச்சியையும் மன்னனின் வீரத்தையும் முன்போலவே சொன்னோம். பின்னர்ப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மன்னாருக்கு வந்து, அந்த அறுநூறு பேருக்கு அரைமணி நேரம் கொடுத்தோம். அவர்களுடைய பெயர்களை எம்மாற் சொல்ல இயலவில்லை. அவர்கள் எவ்வூரார், என்ன தொழில் செய்தனர், எதனை விடமறுத்தனர், யார் ஆணையினால் மாண்டனர் என்பவற்றைச் சொன்னோம். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன், "சேர், இது சோதினைக்கு வருமோ?" என்றான்.

"வராது; எழுதிக்கொள்" என்றோம்.